துணிக்குள் துளிர்த்த வேம்பு

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரு வேப்பமரம் நின்றது. வேர் கால்வாயைப் பெயர்க்கிறதென்று வீட்டுக்காரத் தவுக்கே, சீன முதலாளி, ஆள்விட்டு வெட்டிவிட்டார். முழங்கால் உயர அடிக்கட்டைதான் மிச்சம். அதையும் தோண்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்டைவீட்டுப் பெண்கள் மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அம்மனாகிவிட்ட கட்டையில் எவன் கடப்பாரை வைப்பான்? வந்த ஆட்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பெண்கள் அதோடு விட்டார்களா? வெள்ளிதோறும் பழைய துணியின் மேலேயே புதுத்துணி. செத்த மரத்துக்கு எதற்கு இத்தனை சேலை என்று அவர்கள் காதுபடவே கேலி செய்வேன்.

மகளுக்கு அம்மை போட்டதும் என் கேலி அடங்கிவிட்டது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பிழைப்பாளா என்று பயந்து செத்தேன். முத்து உதிர்ந்ததும் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால்தான் அம்மன் இறங்கினாள் என்று பொருள். எங்களுக்குத் தெரிந்த வேம்போ அது ஒன்றுதான். கட்டையிடம் போய் அழுதேன். அழுதுகொண்டே துணியை விலக்கினேன். பட்டையைக் கிழித்துக்கொண்டு சுற்றிலும் துளிர்கள். வெயில் காணாமல் வெளுத்து, வளைந்து, துணியை முட்டிக்கொண்டு கிடந்தன.

நான் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்து எல்லாரும் ஓடிவந்தார்கள். அம்மனுக்குக் கட்டியதை அவிழ்த்தால் குத்தமாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்தாள்.

"அவ வெளிய வரத் தவிக்கிறா லா. நீங்க மூட்டை கட்டி வச்சிருக்கீங்க," என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அவளே மறுமுனையை அவிழ்த்தாள்.

வெயிலும் மழையும் பட்டதும் துளிர்கள் மளமளவென்று பச்சை பிடித்தன. மகளுக்கு முத்து உதிர்ந்த சமயம், கும்பிட்டுக் கைகொள்ளும் அளவுக்கு ஒடித்தேன். ஒடித்த இடத்துக்குக் கீழேயே அது மறுபடி துளிர்த்தது. அந்த மரத்தின் மனசு யாருக்கு வரும்!

தலைக்குத் தண்ணீர் ஊற்றி மகளை வாசலில் உட்கார வைத்தேன். பசிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், வரிசை முழுக்கத் தாளிக்கும் வாசனை. அம்மை கண்ட வீட்டில்தான் தாளிக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் நான் கேலி செய்த அத்தனை பேரும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் பிள்ளைக்காக இத்தனை நாளும் தாளிக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.