தம்புரா மாமியின் மாடி அறை

வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், கயிற்றுத் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி, தம்புரா மாமியின் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். “எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்கா பாரேன், தோலெல்லாம் சுருங்கியிருக்கு” என்று பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார். தம்புராவின் நாதம் கொஞ்சமும் தடைபடவில்லை. மாமி கண்ணைத் திறக்காமலே, “நெஜம்தாண்டியம்மா. கையை எடு, ஜில்லுன்னு இருக்கு” என்றார். கூடத்தில் இரண்டு அலறல்கள் கேட்டன. ஒன்று அந்த அம்மாளுடையது. அதைவிடப் பெரிய மற்றொன்று, மாமியை அங்கே தினமும் உட்கார வைக்கிற என்னுடையது.

என் நெஞ்சு அப்படிப்பட்டது. பல்லி விழுந்தால் இரத்த அழுத்த மாத்திரை, போன் அடித்தால் இன்னொன்று. இந்த லட்சணத்தில், இறந்துபோன ஒரு மகாவித்வானின் பங்களாவை அருங்காட்சியகமாக்கி நடத்தும் வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், நான் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தவன். வித்வானின் மாப்பிள்ளை எங்கள் கடை வாடிக்கையாளர். “உங்களுக்குப் பொருளைப் பார்வையா வெக்கத் தெரியும். எனக்கு அது போதும்” என்றார். பொம்மைகளோடு பழகிய பழக்கத்தில் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பங்களா மயிலாப்பூரும் ஆழ்வார்பேட்டையும் ஒன்றை ஒன்று தொடுகிற ஒரு சந்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வக்கீல் ஒருவர் கட்டியது. அவருடைய பிள்ளைகள் அதை வைத்துக் காப்பாற்ற முடியாமல் விற்றபோது வித்வான் வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், கீழ்க்கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் அடைத்ததுதான். தெருவில் போகிற குதிரை வண்டி, ஐஸ்காரன் மணி, மைக் செட் எதுவும் சாதகத்தில் குறுக்கிடக் கூடாதாம். சுவருக்குள் கயிற்று நாரும் பஞ்சும் அடைத்து, ஒரு சாண் கனத்தில் இரட்டைக் கதவு போட்டார். உள்ளே பாடினால் வாசலில் நிற்கிறவனுக்குக் கேட்காது. வாசலில் இடி விழுந்தால் உள்ளே பாடுகிறவருக்குக் கேட்காது. வித்வான் போன பிறகு பத்து வருஷம் பூட்டிக் கிடந்து, அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இரண்டு முறை அளவெடுத்துப் போய், கடைசியில் அறக்கட்டளையாகி என் கைக்கு வந்தபோதும் அந்தக் கூடம் அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினால் காதை யாரோ உள்ளங்கையால் பொத்துவதுபோல இருக்கும். முதல் நாள் சாத்திப் பார்த்தவன், மறுபடி திறந்துகொண்டு ஓடி வந்து வெயிலில் நின்றேன்.

அந்தப் பத்து வருஷமும் வீடு முழுக்கப் பூட்டிக் கிடக்கவில்லை. மாடியில் கிழக்குப் பார்த்த ஓர் அறையில் மாமி இருந்தார். பாட்டுக் கற்றுக்கொள்ளப் பத்தொன்பது வயதில் வந்தவர். வந்த அன்று வித்வான் ஒரு தம்புராவைக் கையில் கொடுத்து, முதலில் சுருதியைக் கேள், பாட்டு பிறகு என்றாராம். பிறகு என்பது வரவே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் ஒவ்வொரு மேடையிலும் அவர் முதுகுக்குப் பின்னால் தம்புரா மீட்டினார். எங்களிடமுள்ள புகைப்படங்களில் பாதியில் மாமி வெறும் ஒரு முழங்கை. நீங்கள் பாடியதே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். “அண்ணா நிறுத்தட்டும்னு காத்துண்டிருந்தேன்” என்றார்; வித்வானை அவர் அண்ணா என்றுதான் சொல்வார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குத்தான் முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது.

திறப்பு விழாவுக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் மாடி அறையின் பேச்சு வந்தது. பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும் அறையாக அதை மாற்ற வேண்டும் என்றார் மாப்பிள்ளை சார். மாமிக்கு வேறு போக்கிடமில்லை என்று நான் முனகினேன். “அது சரி, அவாளை எந்தக் கணக்குல இங்க வெச்சுக்கறது, சொல்லுங்கோ” என்று கேட்டார். யோசிக்காமல் வாயைத் திறப்பது என் பழைய வியாதி. தீபாவளி சமயத்தில் எங்கள் கடை ஜன்னலில் பொம்மைகளுக்கு நடுவே ஒரு நிஜப் பெண்ணை அசையாமல் நிற்க வைப்போம், கூட்டம் அள்ளும், அதுபோல வித்வானுக்கு ஒரு பொம்மை செய்து, அதற்குப் பின்னால் மாமியைத் தம்புராவோடு உட்கார வைத்துவிடலாமே சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை சார் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

இப்படித்தான் மாமிக்கு அறை நிலைத்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, அவர் காட்சிப் பொருள். உட்காரும்வரை அறை உண்டு. இதை யாரும் காகிதத்தில் எழுதவில்லை. ஆனாலும் மாமி உட்பட எல்லோருக்கும் தெரியும். வித்வானின் பொம்மையை, என் பழைய கடைக்குப் பொம்மைகள் அனுப்புகிற ஆளிடமே செய்யச் சொன்னேன். அவனிடம் இருந்தது கல்யாண மாப்பிள்ளை முகம் ஒன்றுதான். அதற்கே நரைமுடியும் கண்ணாடியும் வைத்து, வித்வானின் நிஜ ஜிப்பாவை மாட்டினோம். பட்டு வேட்டி விளம்பரத்துக்கான அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை. மழை நாட்களில் நெற்றியில் ஈரம் பூக்கும். காலையில் கூடத்தைத் திறக்கும்போது அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நுழைவேன். பக்தி ஒன்றும் இல்லை. திரும்பக் கும்பிட்டுவிடக் கூடாதே என்கிற வேண்டுதல்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தம்புரா மீட்டுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது. பாடுகிறவர் முடித்து, “போதும்” என்று சொன்ன பிறகுதான் கை தந்தியை விட்டு இறங்க வேண்டும். வித்வான் மறந்துபோய் எழுந்து காபி குடிக்கப் போய்விட்ட நாட்களில் மாமி ஒரு மணி நேரம் கூடத் தனியாக மீட்டிக்கொண்டிருந்ததுண்டாம். அருங்காட்சியகத்திலும் மாமி இதை விடவில்லை. பொம்மை எங்கே சொல்லப்போகிறது? ஆகவே சாப்பாட்டு வேளையிலும் சாயந்திரம் ஐந்து மணிக்கும் நான் கதவருகே நின்று, “போதும் மாமி” என்பேன். கை இறங்கும். கண் திறக்கும். ஒரு சொல்லில் ஒரு மனுஷியை விளக்குபோல அணைத்து ஏற்றுகிறோமே என்று முதல் வாரம் கூசியது. அடுத்த வாரம் பழகிவிட்டது. மூன்றாவது மாதத்தில் அந்த நாதம் ஓடுவதே என் காதில் விழாமல் போனது. நம் வீட்டு மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்பதில்லையே, அப்படி.

ஐப்பசி மழை. மதியம் இரண்டு மணிக்கு, கனமழை எச்சரிக்கை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அறிவிப்பு வந்தது. பார்வையாளர் யாருமில்லை. மின்சாரம் போயிருந்தது. நான் வழக்கம்போலப் பதறிக்கொண்டு, மாடி ஜன்னல், பின்கதவு, ஒலிப்பதிவுப் பெட்டி என்று ஓடி ஓடி மூடினேன். கூடத்துக் கதவில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டில் இரண்டு உருவங்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று மனசுக்குள் சொன்னேன். இந்த வார்த்தைகள் இன்றுவரை எனக்கு நினைவிருக்கின்றன. இரட்டைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, தி. நகரில் என் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பாண்டி பஜார் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவு நின்றதால், ஒரு பஜ்ஜிக் கடைத் தாழ்வாரத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி வாக்கில் டீசல் தீர்ந்து அது நின்றது. சட்டென்று விழுந்த அமைதியில், ஒரு சத்தம் ஓடியிருக்கிறது, அது இப்போதுதான் நின்றது என்று காது எனக்குச் சொன்னது. கையில் கடித்த பஜ்ஜி. கூடத்துக் கதவில் நான் நின்றபோதும் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை.

எப்படி ஓடினேன் என்பதை என் மனைவியிடம் சொல்லும்போது கம்பீரமாகச் சொல்வேன். உண்மையில் ஒரு செருப்பு தண்ணீரோடு போய்விட்டது, வாயில் பஜ்ஜி இருந்தது, அழுதுகொண்டிருந்தேன். ராயப்பேட்டை ஆட்டோக்கார பாய் ஒருவர் ஏற்றிக்கொண்டார். “ஆஸ்பத்திரியா சார்?” என்றார். “மியூசியம்” என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இந்த மழைல மியூசியத்துக்கு அழுதுக்கினு போறவர இன்னிக்கித்தான் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினார். வழி நெடுக நான் கணக்குப் போட்டது மாமிக்கு மூச்சு இருக்குமா என்றல்ல. போலீஸ் என்ன கேட்கும், பத்திரிகையில் என் படம் போடுவார்களா, அதில் எந்தச் சட்டை போட்டிருப்பேன் என்றுதான். வாசலில் குடையோடு நின்ற நொச்சிக்குப்பத்துக் காவலாளி, “இன்னா சார், வூட்டுக்குப் போறேன்னு போய்ட்டு திரும்பிக்கினு வர்றே? கூடத்துல யாரும் இல்லியே” என்றார். நான்கு மணி நேரம் கதவுக்கு இருபதடி தூரத்தில் நின்றவர் அவர்.

பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன். கும்மிருட்டு. காற்றே இல்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து, காலையில் தொடங்கியபோது இருந்த அதே சீரில், நாதம் வந்துகொண்டிருந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். முதலில் தெரிந்தது பொம்மையின் சிரிப்பு. அதற்குப் பின்னால் மாமி. உடம்பெல்லாம் வேர்வையில் நனைந்து, தலை லேசாகச் சாய்ந்து, நடுவிரல் ஊதிக் கறுத்திருந்தது. தந்தியில் ரத்தம். என் குரல் கீச்சென்று வந்தது. “போதும் மாமி.”

கை இறங்கியது. கண் திறந்தது. “இன்னிக்குக் கச்சேரி நீளம்” என்றார். கொஞ்சம் வெந்நீர் கேட்டார். மாடிக்குக் கைத்தாங்கலாக ஏற்றி, விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதா, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “தம்புரா போயிண்டிருக்கச்சே பேசுவாளோடா?” என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “இதை யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா இந்த ரூம் போயிடும். எனக்கு இதை விட்டா வேற ஆத்தைத் தெரியாது.” கபாலி மேல் சத்தியம் என்றேன்.

சத்தியம் மூன்று நாள் தாங்கியது. கண்ணை மூடினால் நாதம் கேட்டது. நாளைக்கு மறுபடி மறந்தால், அவர் மயங்கி விழுந்தால், செத்தே போனால், மாட்டுவது நான். நாலாம் நாள் மாப்பிள்ளை சார் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மாமியின் உடம்பு என்ன ஆகும் சார் என்று மறுபடி மறுபடி சொன்னேன். என் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். “நல்ல வேளை சொன்னேள்” என்றார். அவ்வளவு கனிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமிக்குப் பாராட்டு விழா நடந்தது. இந்த ஊரில் ஒருவரை வெளியே அனுப்ப அதைவிட மரியாதையான வழி இல்லை. வித்வான் பொம்மைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வித்வானின் முகத்தை முன்னாலிருந்து பார்க்கும்படி மாமி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பொன்னாடை, சந்தன மாலை, ஒரு சபாக் காரியதரிசியின் முக்கால் மணிப் பேச்சு. செங்கல்பட்டு தாண்டி நல்ல காற்றோட்டமான முதியோர் இல்லத்தில் இடம் ஏற்பாடாகியிருப்பதாக அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். மாமியும் விரல்கட்டோடு கைதட்டினார்.

காரில் ஏறும்போது பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். மன்னிப்புக் கேட்கிற பாவனையில், அன்றைக்கு நீங்கள் உள்ளே என்ன ஆகியிருப்பீர்களோ என்று பயந்துபோய்த்தான் சொல்லிவிட்டேன் என்று உளறினேன். மாமி கோபப்படவில்லை. பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, “நான் பயப்படலியேடா. நீதானே பயந்தே” என்றார். கார் சந்து முனையில் திரும்பிவிட்டது.

இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்தேன். மூன்றாவது முறை போகத் தேதி குறித்திருந்தபோது, காலையில் மாமி எழுந்திருக்கவில்லை என்று இல்லத்திலிருந்து போன் வந்தது. கூடத்தில் இப்போது அந்த இடம் காலி. நாதம் ஒரு சிறு கறுப்புப் பெட்டியிலிருந்து வருகிறது. மாடியில் ஒலிப்பதிவு கேட்கும் அறை வரவில்லை. கேட்க ஆளில்லை என்று திட்டத்தைக் கைவிட்டார்கள். வீணாகப் பூட்டி வைப்பானேன், நிர்வாகிக்கு நல்லதாக ஒரு அறை வேண்டாமா என்றார் மாப்பிள்ளை சார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். எதற்கெடுத்தாலும் திறக்கிற வாய் அது; வந்தது “சரி சார்” என்பதுதான். காலையில் ஒன்பது மணிவரை கிழக்கு வெயில் நேராக மேஜைமேல் விழுகிறது. நல்ல காற்று. இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன்.