பச்சை விளக்கு

பிள்ளைகள் கணினியில் எழுதும் எந்தச் சார்பும், அதாவது எந்தக் கட்டளைத் தொகுப்பும், ஓடி முடியுமா முடியாதா என்று முன்கூட்டியே சொல்லும் விளக்கொன்றை என் மென்பொருளில் வைத்துவிடலாம் என நம்பினேன். முடியுமென்றால் பச்சை, முடியாதென்றால் சிவப்பு. அப்படியொரு விளக்கு சாத்தியமே இல்லை என்பது ஒரு தேற்றம். எங்கள் உக்குவளைப் பாடசாலையின் கணித மன்றத்தில் அதை நிறுவிக் காட்டிய கணித ஆசிரியனும் நான்தான்.

தன்னையே திரும்ப அழைக்கும் சார்புகளை எழுதி ஓட்டிப் பார்க்கும் அந்த மென்பொருளைப் பார்க்கக் கல்வி அலுவலக அதிகாரி வந்தார். அவர் சம்மதித்தால்தான் மற்றப் பாடசாலைகளுக்கும் போகும். உயர்தர மாணவி ஒருத்தி, எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கூட்டித் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும் சார்பொன்றை எழுதினாள். பச்சை எரிந்தது. கணினி ஓடிக்கொண்டே இருந்தது. நான் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து, குற்றமெல்லாம் தூசியுடையது என்பதுபோல் திரையைத் துடைத்தேன்.

“என்ன சேர், பச்ச எரியுது, நிக்கவே மாட்டேங்குதே?” என்றார் அதிகாரி.

“அது நிக்காது சேர். வெளக்கு கண்டுபிடிக்குதான்னு பாக்கத்தான் எழுதினேன்” என்றாள் மாணவி.

“பாத்தீங்களா? புள்ளைங்கள எழுத விடாதீங்க. நீங்களே நாலு உதாரணம் போட்டுக் குடுங்க, பாத்துப் படிக்கட்டும்.”

லேஞ்சியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: “வெளக்க கழட்டிர்றேன் சேர். எழுதுற எடத்த கழட்ட மாட்டேன். நான் வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தும் எனக்கே வெளங்காதத இந்தப் புள்ள எழுதித்தானே காட்டிச்சு?”

அவர் சம்மதிக்கவில்லை. விளக்கு இருந்த இடத்தில் இப்போது ‘நிறுத்து’ என்றொரு பொத்தான் இருக்கிறது. மென்பொருள் எங்கள் பாடசாலையில் மட்டும் ஓடுகிறது. பிள்ளைகள் எழுதுகிறார்கள்.