துப்பினால் தங்கம்

லிஃப்ட் மெக்கானிக்கை வீட்டிலும் வேலையிலும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது ஆள் ஒன்றும் கொசு மாதிரி இல்லை. தொப்பை வைத்து, கழுத்து தடித்து, லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஆனால் பட்டப்பெயருக்கு வயசாகிறதா என்ன? பள்ளிக்கூட நாளில் குத்துச்சண்டை முகாமுக்குப் போனபோது அங்கிருந்த மாஸ்டர் வைத்த பெயர் அது. ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

அந்த முகாமிலிருந்து அவன் கொண்டுவந்தது பெயரை மட்டுமல்ல. யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே எடை போடுகிற வியாதியும் கூடவே வந்தது. லிஃப்டில் ஒருவர் கால் வைத்தால் போதும், அவன் மனசுக்குள் கிலோ ஓடும். கல்யாணமான புதிதில் மனைவி புது உடை உடுத்திக்கொண்டு வந்து "எப்படி இருக்கேன்?" என்று ஆசையாகக் கேட்டாள். "அம்பத்தெட்டு இருப்பே" என்றான் அந்த மகராசன். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது ஆயுசுக்கும் போதும்.

தண்ணீர் விஷயத்தில் அதைவிடக் கூத்து. தாகமெடுத்தால் ஒரு வாய் தண்ணீரை ஊற்றி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் புரட்டி, தொட்டியில் துப்பிவிட்டுப் போய்விடுவான். சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் திட்டி அனுப்பியும் பழக்கம் மாறவில்லை. "அதை முழுங்கினா என்ன, குடியா முழுகிப்போயிடும்?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவனோ, நான் எப்போ துப்பினேன் என்பதுபோல் முழிப்பான்.

போன சனிக்கிழமை காலையில், மகளின் அழுக்குத் துணியைத் துவைக்கப் போடலாம் என்று அவளுடைய விளையாட்டுப் பையைத் திறந்தான். பதின்மூன்று வயசுப் பெண். குத்துச்சண்டை கற்றுக்கொள்கிறாள். மறுநாள் போட்டி என்று விடிந்ததுமே வெறும் வயிற்றோடு ஓடியிருந்தாள், பையைக்கூட மறந்துவிட்டு. துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாதிவரை நுரைநுரையாக, கொழகொழவென்று ஏதோ இருந்தது. மூடியைத் திருகி மோந்து பார்த்தவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

எச்சில். அந்த நாற்றம் அவனுக்குத் தெரியாதா?

அந்த முகாமில் எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் மாஸ்டர் பையன்களுக்குச் சோறும் கிடையாது, தண்ணியும் கிடையாது, தாகமெடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொள்ளலாம் என்பார். வெயிலில் மழைக்கோட்டைப் போட்டு ஓடவிட்டு, பிறகு சுவரோரமாக வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுப்பார். உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் எச்சிலாகத் துப்பினால் எடை குறையுமாம், தன்னைவிடச் சின்னவனோடு மோதிச் சுலபமாக ஜெயிக்கலாமாம். என்ன மூளை, என்ன மூளை! விசிலைச் சுழற்றிக்கொண்டு, "துப்பினா தங்கம், முழுங்கினா தகரம்!" என்று வரிசையைச் சுற்றிச்சுற்றி வருவார். குறைவாகத் துப்பியவன் எல்லார் பாட்டிலையும் ஒரே வாளியில் கொட்டி, கக்கூஸ் பின்னால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வர வேண்டும். கொசுவும் அவனுடைய கூட்டாளி தடியனும் அந்த வாளியைத் தூக்கியிருக்கிறார்கள். நடக்க நடக்கத் தளும்பிக் காலில் தெறிக்கும். சீ! இதெல்லாம் ஒரு படிப்பா?

வாளியைக் கவிழ்த்துவிட்டு ஒருநாள் தடியன் தேம்பித்தேம்பி அழுதான். "பெரியவனானதும் இந்தாளு மூஞ்சில துப்பறேனா இல்லையா பாருடா" என்று சபதம் போட்டான். அந்தத் தடியன்தான் இப்போது ஊரில் கோச். இவனுக்கு வலி தெரியும், பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்று நம்பித்தான் கொசு தன் மகளை அங்கே சேர்த்தான்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடியே பயிற்சிக் கூடத்துக்குப் போனான். கதவைத் திறந்ததும் அதே நாற்றம் முகத்தில் அடித்தது. மழைக்கோட்டுக்குள் புழுங்கிக்கொண்டு பெண்பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் மகள் உதடு வெடித்து, கண் குழிந்து கடைசியில் இருந்தாள். செத்துப்போன மாஸ்டரின் படம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே தடியன், விசிலைச் சுழற்றிக்கொண்டு, அதே நடை நடந்துகொண்டிருந்தான்.

"வாடா கொசு! உம் பொண்ணு சூப்பர்டா. இன்னும் கொஞ்சம் எறக்கிட்டோம்னா சின்ன வெயிட்டுல அவதான் ராணி."

"என்னடா இது?" கொசு பாட்டிலை நீட்டினான்.

"எச்சி. ஏதோ புதுசா பாக்கற மாதிரி கேக்கற!"

"நீதானடா அந்தாளு மூஞ்சில துப்புவேன்னு அழுதே?"

"அட போடா, சின்ன வயசுல ஆயிரம் சொல்லுவோம். அவரு இல்லன்னா நாம ஆளாகியிருப்போமா? நீ மெக்கானிக், நான் கோச். கெட்டா போயிட்டோம்?"

கொசு சுவரிலிருந்த மாஸ்டரின் படத்தை நிமிர்ந்து பார்த்தான். ஆளைப் புதைத்தாயிற்று, ஆனால் வாய் மட்டும் செத்தபாடில்லை. இதோ இந்தத் தடிமாட்டின் மூஞ்சியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கேவலம், தடுமாறி எழுந்து நின்ற மகளைப் பார்த்ததும் கொசுவின் சொந்தக் கண்ணே 'இன்னும் அரைக் கிலோ குறையணும்' என்று கணக்குப் போட்டது. பெற்ற பிள்ளை மயங்கி விழப்போகிறாள், இந்தக் கண்ணுக்குத் தெரிகிறது கிலோ! அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம்போல அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"கெளம்புடி."

"அப்பா, நாளைக்கு மேட்ச்ப்பா."

"மேட்சும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். வா."

பாட்டிலைத் தடியனின் காலடியில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் அழுதுகொண்டே வந்தாள், ஆனால் கண்ணில் தண்ணீரே வரவில்லை. எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கித் திறந்து அவள் கையில் கொடுத்தான்.

"குடிம்மா. மெதுவா."

அவள் ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் புரட்டினாள். சாக்கடைப் பக்கம் திரும்பித் துப்பினாள்.

"அடப்பாவி! இதையும் அந்த நாய்தான் சொல்லிக்கொடுத்தானா?"

மகள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"அவரு பாட்டில்ல துப்பத்தான்ப்பா சொன்னாரு. இது நீங்க பண்றதுதானே? சின்னதுலேருந்து பாக்கறேனே. இப்படிப் பண்ணினா தாகம் போயிடும்னு நெனச்சேன்."

மனைவி இத்தனை வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்டது எதற்கு என்று இப்போதுதான் கொசுவின் மண்டையில் உறைத்தது. மகள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினான். தண்ணீர் வாய்க்குள் ஒருமுறை புரண்டது. கழுத்து அதுபாட்டுக்குச் சாக்கடைப் பக்கம் திரும்பியது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினான். அந்த வாளியையே விழுங்கியதுபோல் குமட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு வாய் ஊற்றி அதையும் விழுங்கினான்.

"இந்தா, இப்ப நீ."

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். ஆனால் உடனே குடிக்கவில்லை. நிஜமாகவே உள்ளே போயிற்றா என்று முதலில் அப்பாவின் தொண்டையைப் பார்த்தாள்.