வலது காதுக்கு ஒரு பாங்கு

தம்பி பிறந்தபோது அத்தா குவைத்தில் இருந்தார். பிறந்த பிள்ளையின் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கையும் இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தையும் சொல்வது எங்கள் வழக்கம். சேலத்தில் எங்கள் சொந்தத்தில் அதைச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆனாலும் என் வாயால்தான் சொல்வேன் என்று அத்தா ஒற்றைக்காலில் நின்றார். பச்சைக் குழந்தையின் காதில் செல்போனை வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. மிச்சமிருந்தது மாமாவின் கம்ப்யூட்டர்.

மாமா அம்மாவின் தம்பி. வைரஸ் வராது என்று யாரோ சொன்னதை நம்பி லினக்ஸ் போட்டுக்கொண்டவர். வைரஸ் வரவில்லைதான், அன்று சத்தமும் வரவில்லை. நாங்கள் பேசியது அத்தாவுக்குக் கேட்டது, அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. "இப்பக் கேக்குதா?" என்று திரையில் எழுதிக் கேட்டபடியே இருந்தார். பாவமாக இருந்தது.

மாமா அமைப்புகளைத் திறந்து பார்த்தார். சத்தம் முழுக்க மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. அதை மாற்றிவிட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்தினார். இடது ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் 'இடது' என்றது. வலது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. கறுப்புத் திரையில் எதையெதையோ தட்டினார், ஒயரைப் பிடுங்கி மாட்டினார், மறுபடி தட்டினார். அம்மாவின் கையில் தம்பி சிணுங்க ஆரம்பித்தான்.

"இடதுலதான் வருதே, போதாதா?" என்றாள் அம்மா.

"வலது காதுக்குச் சொல்றது அக்கா. வலது ஸ்பீக்கர்ல வந்தாத்தானே சரி?"

"அடப் போடா!" என்று அம்மா பிள்ளையைக் கையில் அப்படியே மாற்றிப் பிடித்தாள். வலது காது இடது ஸ்பீக்கருக்கு நேராக வந்துவிட்டது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடப் போன மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ம், சொல்லுங்க" என்றாள் அம்மா.

அத்தாவின் குரல் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து, பக்கத்து அறையிலிருந்து வருவது போல. தம்பி சிணுங்குவதை நிறுத்தினான். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியின் பாதியில் நின்றுபோனது.

"மாமா, மறுபடி போயிடுச்சு!" என்று கத்தினேன்.

மாமா கீபோர்டை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். திரையில் அத்தா பக்கமிருந்து வரும் ஒலியைக் காட்டும் பச்சைக்கோடு விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நேரம் படாதபாடு பட்டவர் முக்கியமான நேரத்தில் மரம் மாதிரி நிற்கிறாரே! நானே சத்தம் கூட்டும் பட்டனை விடாமல் அழுத்தினேன். அம்மா குனிந்து தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அத்தாவின் குரல் கம்மிப்போய்த் திரும்பி வந்தது. விட்ட இடத்திலிருந்து பாங்கை முடித்து, அம்மா பிள்ளையை மறுபடி மாற்றிப் பிடித்ததும் இகாமத்தும் சொன்னார்.

பெரியவர்களுக்கே பிடிபடாத கோளாறை ஒரே பட்டனில் சரிசெய்துவிட்டேன் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். ரொம்ப வருஷம் அப்படியேதான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.