சுகந்திக்குத் திறக்காத மண்டபம்

சுகந்தி இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு வந்தது, அவளுக்கு எதிரே மண்டபத்தைப் பூட்டியவர்களிடமிருந்துதான். காலையில் தபாற்கந்தோரைத் திறந்து, கதிரையில் உட்காரும் முன்னரே கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தார் வைபரில் அனுப்பிய கண்ணீர் அஞ்சலி அட்டை. எரியும் விளக்கு, ஊதாப் பூ, “சமூக சேவகியும் விளையாட்டு ஆர்வலருமான” என்று தொடங்கும் இரண்டு வரி, நடுவில் அவளுடைய படம். அந்தப் படத்தை எடுத்தவள் நான். அதில் அவள் பக்கவாட்டில் நின்று, வலது கையை நீட்டி, காற்றுக் கைத்துப்பாக்கியால் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் கையைக் காணோம். தோளோடு வெட்டியிருந்தார்கள். அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்றுவரை அது ஆறவில்லை. ஆகவே இதை எழுதும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளப் போவதுமில்லை.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கொழும்பில் கணக்கு வேலை பார்த்த காலத்தில் அங்கே ஒரு கழகத்தில் சுடப் பழகி, போட்டிகளுக்கும் போனவள். தாய்க்கு முழங்கால் ஏலாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு எங்கள் தீவுக்குத் திரும்பி வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. இங்கேயும் ஒரு கழகம் வேண்டும் என்று அனுமதிக்காக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நாயாய் அலைந்தாள். பழைய கழகத்தார் இரண்டு பிஸ்டல்களை இரவல் கொடுத்தார்கள். எங்கள் நிலையத்தார் ஞாயிறு காலைகளில் மண்டபத்தைத் தர உடன்பட்டார்கள். பத்திரிகையில் தங்கள் படம் வரும் என்ற ஆசை அவர்களுக்கு அப்போது இருந்தது.

அவள் வாங்கிய இலக்கு அட்டைகள் பதிவுத் தபாலில் என் கந்தோருக்கு வந்தன. எடுக்க வந்தவள், “அக்கா, நீங்களும் வாங்கோவன்” என்றாள்.

“எனக்கு என்ன வயசெண்டு தெரியுமோ உமக்கு?”

“பிஸ்ரலுக்குத் தெரியாதக்கா” என்றாள்.

முதல் நாள் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நாங்கள் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர். அல்லைப்பிட்டியிலிருந்து கடற்றொழிலாளி அன்ரனும் வந்திருந்தார். சுகந்தி மேசையில் வெற்றுப் பிஸ்டலை வைத்து ஒவ்வொரு பாகமாக விளக்கிக்கொண்டிருந்தாள். குண்டுகளைத் தாங்குவதற்காகச் சுவரோரம் சாய்த்திருந்த இரும்புத் தகடு வழுக்கிச் சீமெந்து நிலத்தில் விழுந்தது. படார் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரும் நிலத்தில் குப்புறக் கிடந்தோம். அன்ரனின் முழங்கை என் விலாவில். யுத்தத்தில் பழகிய உடம்புகள், யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தால், எங்களுக்குப் பழக்க வந்த சுகந்தியும் படுத்துக் கிடக்கிறாள்! ஆனால் அந்த நிலையிலும் பிஸ்டலின் வாய் இலக்கு இருந்த சுவரைத்தான் பார்த்தது. விரல் விசைக்கு வெளியேதான் இருந்தது. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். “சரி, எல்லாருக்கும் படுக்கத் தெரியும். இனி நிக்கப் பழகுவம்” என்றாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்காதவர்கள்தான் பின்னாளில் எங்களுக்குத் துவக்கு, துப்பாக்கி என்று பாடம் எடுத்தார்கள்.

பழக்கம் என்றால் எடுத்தவுடன் சுடுவது என்று நான் நினைத்திருந்தேன். வாரக்கணக்கில் பிஸ்டலைத் தரவேயில்லை. மண் நிரப்பிய சோடாப் போத்தலை ஒற்றைக் கையால் தூக்கி, நீட்டி, மூச்சை அடக்கி நிற்கவேண்டும். மற்றக் கை காற்சட்டைப் பையில் அல்லது இடுப்பில். நான் சட்டைக்கு மேல் வார் ஒன்றைக் கட்டி அதில் கையைச் செருகிக்கொண்டேன். தோள் கழன்று விழுவதுபோல் நொந்தது. ஒரு நாள் பொறுமை கெட்டு, “கோதாரி விழுந்த போத்தல்! நான் என்ன மண் சுமக்கவோ வந்தனான்?” என்று கத்திவிட்டேன். அவள் அசையவில்லை. “அக்கா, கை களைச்சால் இறக்குங்கோ. இறக்கினதுக்கு ஒருத்தரும் புள்ளி வெட்டமாட்டினம். களைச்ச கையாலயும் கோவத்தாலயும் சுட்டால்தான் வெட்டு விழும்.” பிஸ்டல் கைக்கு வந்த பிறகும் அதையேதான் சொன்னாள். தூரத்து அட்டையைப் பார்க்காதே, குழலின் நுனியிலுள்ள முன்குறியைப் பார். அட்டை மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து. என் முதற் குண்டு அட்டையின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. கருவட்டத்துக்குள் ஒன்று விழுந்த அன்று, புருசன் செத்த பிறகு முதல் தடவையாக வீட்டில் தனியே பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

பிறகு கதை கட்டத் தொடங்கினார்கள். கழகத்தின் படம் ஒன்று முகநூலில் போனது. “கலியாணம் கட்டாத குமர்ப்பெட்டை, கண்டறியாத துவக்கோட நிக்கிறாள்” என்று இங்கே பனைவெளியில் இருந்தவனும் எழுதினான், பாரிசில் இருந்தவனும் எழுதினான். விசாரிக்க இரண்டு தடவை சீருடைக்காரர் வந்தார்கள். சுகந்தி அனுமதிப் பத்திரத்தைக் காட்டினாள், பிஸ்டல்கள் பூட்டியிருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினாள், குண்டு ஒன்றை எடுத்து அவர்களின் உள்ளங்கையில் வைத்தாள். பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போய்விட்டார்கள். பூட்டியவர்கள் அவர்கள் அல்ல. எங்கள் ஆட்கள். எங்களுடைய சொந்த, மரியாதைக்குரிய, வேட்டி கட்டிய பெரியவர்கள். மாகாணப் போட்டிக்கு முந்திய வாரம் நாங்கள் போனபோது வாசலில் புதுப் பூட்டு, அதன் திறப்பு அவர்களின் சாவிக்கொத்தில். நிலையத் தலைவர் சைக்கிளில் வந்து, கீழே இறங்காமலே சொன்னார்: “ஊருக்குப் பிரச்சினை வரும் பிள்ளை. பூப்பந்து விளையாடுங்கோவன், தாறம்.”

“என்ன பிரச்சினை வந்தது அண்ணை?” என்று சுகந்தி கேட்டாள்.

“வரேல்லை. வந்தால்?”

இதுதான் அவர்கள் சொன்ன நியாயம், முழுவதும். ஒருவரும் இன்றுவரை அங்கே பூப்பந்து விளையாடவில்லை. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, பல்லியும் பூரானும் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். பிஸ்டல்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. பெட்டியை வான் வண்டியில் ஏற்றும்போது அவள் அதன் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பேசியவள் நான்தான், அதுவும் அச்சில் போடமுடியாத சொற்கள்.

அடுத்த வருடம் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றி முடி கொட்டியிருந்த காலத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதால் நான் தலைவரிடம் போனேன். ஒரே ஒரு ஞாயிறு, ஒரு காலை, பிஸ்டலும் வேண்டாம், அவள் மண்டபத்தில் நின்று எங்களைப் பழக்கட்டும் என்று கேட்டேன். “பார்ப்பம்” என்றார். நான் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னதும் சுகந்தி தலையணையில் சாய்ந்தபடி, “பார்ப்பம் எண்டால் இல்லையெண்டுதான் அக்கா. விடுங்கோ” என்றாள். நான் விடவில்லை, மூன்று நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அதே பார்ப்பம். அவள் பார்க்காமலே போய்விட்டாள்.

செத்தவீடு முடிந்து, அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். எங்கே என்கிறீர்கள்? அதே மண்டபத்தில்! உயிரோடு இருந்து கேட்டபோது திறக்காத கதவை, அவள் படத்துக்கு மாலை போட அகலத் திறந்து, ஒட்டடை தட்டி, மின்விசிறியும் சுழலவிட்டிருந்தார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “இந்த மண்டபம் அவவின்ர இரண்டாவது வீடு” என்றார். நாக்கூசவில்லை மனிசனுக்கு. பின்வரிசையில் அன்ரன் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னையும் பேச அழைத்தார்கள். எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டு, “அண்ணை, அந்த வீட்டுத் திறப்பை எப்ப தருவியள்?” என்று மட்டும் கேட்டேன். தலைவர் ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “தங்கச்சி, இது அதுக்குரிய இடமில்லை. செயற்குழு கூடிப் பார்ப்பம்” என்றார். மற்றவர்கள் பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள், கூட்டம் கலைந்தது.

தலைவர் பூட்டுடன் வாசலுக்கு வந்தபோது, சுகந்தியின் தாய் முன்வரிசைக் கதிரையிலேயே இருந்தார். மகள் சுடப் பழகுவது அவருக்கும் ஒரு நாளும் பிடித்ததில்லை. வீட்டில் எத்தனையோ தடவை சண்டை பிடித்தவர். கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

“அம்மா, பூட்டவேணும். எழும்புங்கோ” என்றார் தலைவர்.

“என்னையும் வைச்சுப் பூட்டும் தம்பி.”

“என்னம்மா உது, விசர்க்கதை கதைக்கிறியள்.”

“என்ர பிள்ளை படுக்கையில கிடந்து ஒரு காலமை கேட்டவள். ஒரேயொரு காலமை. நீர் பார்ப்பம் எண்டனீர். இப்ப நான் இருக்கிறன். நல்லாப் பாரும்.”

நான் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். வாசல்வரை போன அன்ரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு இன்னும் சிலர் வந்து இருந்தார்கள். தலைவர் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு யாருக்கோ கைப்பேசியில் அழைப்பு எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டியது. கடைசியில் திறப்பைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுக்க நீட்டினார். தாய் வாங்கவில்லை. என்னைக் காட்டி, “அவவிட்டைக் குடும். எனக்கு முழங்கால் ஏலாது, ஞாயிறு ஞாயிறாய் வந்து திறக்க” என்றார்.

எழுந்து நின்று வாங்கினேன். மற்றக் கை தானாக இடுப்புக்குப் போனது. சுகந்தி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். பிஸ்டல்களைத் திரும்பப் பெற இனி எத்தனை படி ஏறவேண்டுமோ தெரியாது, ஏறுவேன். அவள் படத்தை நான் வீட்டில் மாட்டவில்லை, அவளுடைய உடுப்பு எதையும் கேட்டு வாங்கவுமில்லை. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் திறப்பு ஒன்றுதான். செயற்குழு எத்தனை தடவை கூடினாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.