எழுபது சாரின் தீர்ப்புகள்

நோயாளியைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொன்ன கையோடு அவர் கதவைச் சாத்தமாட்டார். ராக் இசையின் வரலாற்றை ஒரு பாட்டம் சொல்லி முடித்த பிறகுதான் சாத்துவார். காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பவர். சக ஊழியர்கள் வைத்த பெயர் 'எழுபது'. எழுபதுகளில் அவர் அரைக்கால் சட்டை போட்ட பள்ளிப் பையன் என்பதை மட்டும் யாரும் நினைவூட்டக் கூடாது.

"அறுபதுல சும்மா சுருதி சேத்துப் பாத்தாங்க. எழுபதுல வாசிச்சாங்க. எண்பதுல தலைமுடிதான் வளந்துச்சு. தொண்ணூறுல அழுதாங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் தும்முது, இவங்க வாயசைக்கிறாங்க." இருபத்தெட்டு வருடங்களாக ஒரு சொல் மாறியதில்லை. அதிகம் கேட்டவர்கள் காது கேளாதவர்கள்தான். ஒருவரும் மறுத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

மறுக்கிற ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். மகள், ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். போன மாதம் குழுவின் முதல் பாட்டைப் பதிவுசெய்து வந்து போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டவர், விடைத்தாள் திருத்தும் முகத்தோடு சொன்னார்: "எழுபதா இருந்தா இந்த இடத்துல சிம்பல் சலசலன்னு விழும். உங்க ஆளுங்களுக்கு அந்த ரசனை இல்லம்மா."

அந்த இடத்தில் அவள் சிம்பல் என்ற பித்தளைத் தட்டைத் தவிர வேறெதையும் தொட்டிருக்கவில்லை. சண்டை போட வாயெடுத்தவள், சந்தேகம் வந்து, சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை போட்டாள்.

"இப்போப்பா?"

"இப்பவும் இல்ல."

மறுநாள் மருத்துவமனைக்கே வந்து டாக்டரம்மாவிடம் பேசினாள். டாக்டரம்மா சோதனைக்குக் கூப்பிட, மகளை மனதுக்குள் மன்னித்துவிட்டு, எழுபது தானே அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். தாழ்ந்த ஒலிகளுக்குப் பட்டன் சட்சட்டென்று அமுங்கியது. ஒலி கீச்சாகக் கீச்சாக விரல் ஓய்ந்தது. டாக்டரம்மா அளவைக் கூட்டிக்கொண்டே போனார். எழுபதோ இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்பதுபோல் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

ஆயிரக்கணக்கான வரைபடங்களைப் படித்தவருக்குத் தன்னுடையதைப் படிக்க நேரம் பிடித்தது. கீச்சு ஒலிகளைக் காட்டும் வலப்பக்கத்தில் கோடு சரிந்து விழுந்திருந்தது. எழுபதுகளின் சிம்பலை இத்தனை நாள் வாசித்தது அவருடைய ஞாபகம்தான். காதுக்குக் கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னபோது, "எழுபதுல எல்லாம் மிஷின் இல்லாமயே கேட்டுச்சு" என்றார்.

கருவி வந்த அன்று மாலை, அதை மாட்டிக்கொண்டு, மகள் பயிற்சி செய்யும் அறை வாசலில் போய் நின்றார். அவள் சிம்பலை மெல்லத் தட்டினாள். திடுக்கிட்டுப் போனார். தீர்ப்புச் சொல்லத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. சுவரில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலியை எடுத்து விரித்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.