தலைப்பிரசவத்துக்குப் போனவர்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அந்த அம்மா. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது. மடியில் புதுச் செருப்பு.

"போட்டுக்கலையாம்மா?" என்றேன்.

"ஆபீசுக்குள்ள போறப்ப மட்டும் போட வாங்குனதுங்க" என்று முந்தானையால் அதைத் துடைத்தார்.

மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்குத் தேறியிருந்தாள். ஏழைப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம் இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும்தான் என்று அன்று காலை ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். மகள் பிறந்தது இந்தியாவில், திருச்சிப் பக்கம்.

"தலப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனேங்க. எல்லாரும் போறதுதானே? கைப்புள்ளையோட கப்பலேறித் திரும்பி வந்துட்டேன். இப்ப அவ இந்த நாட்டுப் புள்ள இல்லையாம்."

"வேற புள்ளைங்க?" என்றேன்.

"சின்னவன் இங்க தோட்டத்து லயத்து வீட்டுலயே பொறந்தான். அவன் படிச்சா குடுப்பாங்களாம்." மறுபடியும் செருப்பைத் துடைத்தார். "அவனுக்குத்தான் படிப்பே ஏறலையே. அஞ்சாம் வகுப்போட மலைக்கு வேலைக்குப் போயிட்டான்."

நோர்வூட்டில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு தோட்டத்துப் பாதையில் ஏறினார். அதைப் போட்டுக்கொண்டு நுழைய இனி அவருக்கு எந்த வாசல் இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.